வேலையோடு வந்த வீடு

தந்தைக்கோ தாய்க்கோ வேறோர் ஊரில் வேலை கிடைத்தால் குடும்பம் முழுவதும் இடம்பெயர்வது இன்று அன்றாடச் செய்தியாகிவிட்டது. ஆசிரியர், காவல்துறை அதிகாரி, தாதி, வங்கி ஊழியர் எனப் பலரின் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டிகளைக் கட்டுகின்றன. கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் வட சிலாங்கூரின் பிற தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் இடப்பெயர்வு இவற்றிலிருந்து வேறுபட்டது. அவர்கள் கடந்த தூரம் அதிகமில்லை. கோலசிலாங்கூர் நகரிலிருந்து கிள்ளானுக்கு 50 கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆயினும் அந்தக் குறுகிய பயணத்தில் அவர்கள் விட்டுச் சென்றவை ஏராளம். தோட்டத்தில் வேலை என்பது சம்பளத்தோடு முடிந்துவிடவில்லை. வீடு, பள்ளி, கோயில், கடை, மருந்தகம், அண்டை அயலார் என எல்லாமே வேலையோடு சேர்ந்து வந்தன. வேலை போனபோது அவையும் சேர்ந்தே போயின.

இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு உலகெங்கும் தேவை பெருகியது. மலாயாவின் தோட்டங்களுக்கு ஆள்கள் வேண்டியிருந்தது. கங்காணி தம் சொந்தக் கிராமத்திற்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். 1907இல் அமைக்கப்பட்ட குடிநுழைவு நிதி அவர்களின் கப்பல் பயணச் செலவை ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹம் எனப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினர். 1938இல் இந்திய அரசு இத்தகைய உதவிக் குடியேற்றத்தை நிறுத்தும் வரை இது தொடர்ந்தது. வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த அந்தத் தொழிலாளிக்கு, இறங்கிய இடத்தில் ஒரு கூரை காத்திருந்தது. தோட்ட நிருவாகம் கட்டிவைத்த லயத்தில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. இது தாராள மனத்தால் செய்யப்பட்டதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் நிற்க வேண்டுமென்றால், அவர்கள் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும்.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் சிலாங்கூர் ஆற்றின் இருபுறமும் இத்தகைய தோட்டங்கள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றின் பெயரே தமிழ்ப் பெயர்: தென்னமரம் தோட்டம். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இத்தோட்டம் உள்ளது. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் இங்கு செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் இதுவே. தென்னையின் பெயரைத் தாங்கிய நிலத்தில் செம்பனை வேரூன்றியது ஒரு விந்தைதான். ஃபோக்கோனியே மலாயா வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்டு பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது.

தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் நாள் எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால், வேலையும் வாழ்க்கையும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தன என்பது விளங்கும். இருள் பிரியுமுன் பெற்றோர் இருவரும் பெரட்டுக்குச் சென்றனர். பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகு அவரவர்க்கு ஒதுக்கப்பட்ட மரங்களை நோக்கி நடந்தனர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருந்தனர். பெரிய பிள்ளைகள் தோட்டத்துக்குள்ளேயே இருந்த தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே சென்றனர். அரிசியும் பருப்பும் மளிகைக் கடையில் பற்று எழுதி வாங்கப்பட்டன. சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்பட்டது. காய்ச்சல் என்றால் தோட்ட மருந்தகம் இருந்தது. வீட்டின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ந்தன, கோழிகள் மேய்ந்தன, சிலர் ஆடும் மாடும் வளர்த்துக் கூடுதல் வருமானம் தேடினர். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தோட்டமே ஒன்றுகூடியது.

பள்ளிக்கூடமும் சட்டப்படி வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான 10 பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் இருந்தால், அவர்களுக்குப் பள்ளி அமைத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. அப்பள்ளிகளுள் பல, ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் மட்டுமே கொண்டவை. சில இடங்களில் கிராணியோ கங்காணியோகூடப் பாடம் நடத்தினர். அவற்றின் தரத்தைப் பெரிதாகப் புகழ முடியாது. ஆனால் ஒன்று உறுதி: தமிழ் கற்பதற்காக எந்தப் பெற்றோரும் எங்கும் சென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலை இருந்த இடத்தில் பள்ளியும் இருந்தது.

இந்த அமைப்பில் ஒரு பெரிய குறை மறைந்திருந்தது. தொழிலாளி தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடு அவருடையதன்று. அதை அவர் விற்க முடியாது. பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் பணி ஓய்வு பெற்றால், அவருடைய பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலை செய்தால்தான் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடிந்தது. நன்றாகப் படித்துப் பட்டணத்து வேலைக்குச் சென்ற மகன் பெற்றோருக்குப் பெருமையைத் தந்தான். அதே வேளையில், அவர்கள் தலைக்குமேல் இருந்த கூரையையும் கேள்விக்குறியாக்கினான். இந்த இக்கட்டைப் பல குடும்பங்கள் வெளியில் சொல்லாமலேயே சுமந்தன.

பிறகு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் சில தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். வேலையிழந்த தொழிலாளர்கள் வீட்டையும் இழந்தனர். இதைத் தடுக்கும் நோக்கத்தில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் 10 ரிங்கிட் செலுத்திப் பங்குதாரராகி, தாங்கள் வேலை செய்யும் தோட்டங்களைத் தாங்களே வாங்கலாம் என்பது அதன் திட்டம். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் இவ்வாறு 1961இல் முதலாவதாக வாங்கப்பட்டது. அதே காலத்தில் வட சிலாங்கூரில் வேறொரு தொழிலும் ஓய்ந்தது. பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேலை தேடி வெளியேறின.

ரப்பர் விலை சரிந்தபோது பல தோட்டங்கள் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டன. ஒவ்வொரு பால்மரத்தையும் நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்ட நாளில் கையால் சீவ வேண்டும்; செம்பனைக்கு அந்தத் தேவையில்லை. குலை பழுக்கும்போது அறுத்தால் போதும். அதனால் அதே பரப்பளவுக்குக் குறைவான ஆள்களே தேவைப்பட்டனர். கணவன், மனைவி இருவரும் சம்பாதித்த வீட்டில் ஒருவருக்கே நிலையான வேலை கிடைக்கும் நிலை உருவானது. 1980களிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் தோட்டங்களுக்கு வந்தனர். இன்னொரு பக்கம் நகரங்கள் தோட்டங்களை நோக்கி விரிந்தன. இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். 1978இல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1985இல் அங்கிருந்த புரோட்டோன் தொழிற்சாலையிலிருந்து முதல் சாகா கார் வெளிவந்தது. அத்தகைய தொழிற்சாலைகளும் கிள்ளான் துறைமுகமும் தோட்டத்து இளையோரைத் தம்பக்கம் ஈர்த்தன.

ஆகவே, தோட்டத்தை விட்டுச் சென்ற குடும்பங்கள் எல்லாம் விரட்டப்பட்டவை என்று சொல்வது சரியாகாது. விருப்பத்தோடு சென்றவையும் உண்டு. பிள்ளைகள் தம்மைப்போல் வாளி தூக்கக்கூடாது என்று எண்ணிய பெற்றோர் எத்தனையோ பேர். ஆனால் விரும்பிச் சென்றவர்க்கும் வேறு வழியின்றிச் சென்றவர்க்கும் நகரத்தில் காத்திருந்த கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்கு வீட்டில் தொடங்குகிறது. தோட்டத்தில் வாடகை என்ற சொல்லே பழக்கத்தில் இல்லை. நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க வேண்டுமானால், வழக்கமாக இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகையை நீர், மின்சாரக் கட்டணங்களுக்கான வைப்பாகவும், முதல் மாத வாடகையை முன்பணமாகவும் செலுத்த வேண்டும். 800 ரிங்கிட் வாடகை வீட்டுக்குச் சாவியைப் பெறுமுன்பே 2,800 ரிங்கிட் தேவை. சம்பளம் தோட்டத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும், முதல் சில மாதங்களில் கையில் எதுவும் மிஞ்சாததற்கு இதுவே காரணம். சிலர் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் குறைந்த விலை வீடு வாங்கினர். 1982 முதல் 1998 வரை அத்தகைய வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட்டாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அடுக்குமாடியில் அமைந்த அந்த வீடு சிறியதுதான். ஆனாலும் பல குடும்பங்களில், மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு, தங்கள் பெயரில் பத்திரம் உள்ள முதல் வீடு அதுவே. முருங்கை நட இடமில்லை என்ற குறையை அந்தப் பத்திரம் ஓரளவு ஆற்றியது.

தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களின் வீட்டுச் சிக்கல் இன்னும் நீண்டது. வட சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன. அவர்களுக்கான வீடமைப்புத் திட்டம் 2023இல்தான் தொடங்கியது.

அரசுப் பணியாளர் குடும்பங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இடமாற்றம் பெறும் அரசு ஊழியருக்கு இடமாற்றப் படி உண்டு; சில ஊர்களில் அரசாங்கக் குடியிருப்பும் கிடைக்கும். காவல்துறைக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளின் அனுபவம் ஓரளவு புரியும். அவர்களுக்கும் வீடு வேலையோடுதான் வருகிறது. ஆனால் அவர்களுக்கு ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொரு குடியிருப்புக்கு வழி இருக்கிறது. தோட்டத் தொழிலாளி தொழிற்சாலைக்குச் செல்லும்போது அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

வீட்டுக்கு அடுத்தது பள்ளி. தொடக்கப்பள்ளி மாணவருக்கு அருகில் தமிழ்ப்பள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530 உள்ளன. குறைந்தவற்றுள் பெரும்பாலானவை மாணவர் எண்ணிக்கை சுருங்கிய தோட்டப் பள்ளிகள். சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, சில மூடப்பட்டன. வேறு சில, குடும்பங்களைப் போலவே இடம்பெயர்ந்தன. தோட்டம் மறைந்த பிறகும் பள்ளி மட்டும் புதிய வீடமைப்புப் பகுதிக்குச் சென்று தொடர்கிறது. ஷா ஆலத்தின் 7ஆம் பிரிவில், நகரக் கட்டடங்களுக்கு நடுவே, மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயர்ப்பலகையைக் காணும் புதியவர் ‘தோட்டம் எங்கே?’ என்று கேட்கக்கூடும். தோட்டம் இப்போது அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இடைநிலைப்பள்ளி மாணவரின் நிலை சற்று மாறுபட்டது. பள்ளி மாற்றத்திற்கான விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, புதிய முகவரிக்கான சான்று ஆகியவற்றைப் பெற்றோர் கொடுக்க வேண்டும். இடம் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சேர்ந்த பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு நடைபெறுகிறதா என்பதை அந்தப் பாரத்தில் யாரும் கேட்பதில்லை. பெற்றோரும் அலைச்சலில் அதை மறந்துவிடுவர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஓர் இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பதற்கு அப்பள்ளி வசதி செய்து தர வேண்டும்.

1923இன் சட்டத்தையும் 1996இன் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னதில் எண் 10, பின்னதில் 15. எண்ணைவிட முக்கியமானது இன்னொரு வேறுபாடு. முன்னதில் பிள்ளைகள் இருந்தாலே போதும், கடமை முதலாளியுடையது. பின்னதில் பெற்றோர் கேட்க வேண்டும். தோட்டத்தில் கேட்காமலே கிடைத்துப் பழகியவர்களுக்கு, கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாகத் தமிழ் மாறியது பல வேளைகளில் தெரிவதே இல்லை. ஒரு பள்ளியில் 14 மாணவர்கள் இருக்கும்போது பதினைந்தாமவர், நேற்று ஈஜோக்கிலிருந்தோ ஜெராமிலிருந்தோ வந்து சேர்ந்த மாணவராக இருக்கலாம். அவருடைய தந்தை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்திற்கு வந்து, அந்த ஒரு கேள்வியைக் கேட்டால், மற்ற பதினால்வருக்கும் சேர்த்துப் பயன் கிட்டும். கேட்காவிட்டால், பதினைந்து பேரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்க வெளியில் வகுப்பு தேட வேண்டியிருக்கும்.

பேச்சிலும் மாற்றம் நிகழ்கிறது. தோட்டத்தில் பிள்ளை காலையில் எழுந்தது முதல் இரவு வரை தமிழைக் கேட்டு வளர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி அதட்டியதும், கடைக்காரர் கணக்குச் சொன்னதும் தமிழில்தான். அடுக்குமாடி வீட்டில் ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் சீனக் குடும்பம். இதில் நன்மை உண்டு. தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள் தேசிய மொழியைச் சரளமாகப் பேசத் தயங்கினார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் தமிழ் வீட்டுக் கதவுக்குள் சுருங்கிவிடுகிறது. பெரட்டு, நிரை, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை போன்ற சொற்கள் இரண்டாம் தலைமுறைக்கு விளக்கம் தேவைப்படும் சொற்களாகிவிடுகின்றன. தாத்தா பாட்டி உடன் வந்த வீடுகளில் அவை சற்று அதிக நாள் பிழைத்திருக்கின்றன. எல்லா முதியவர்களும் வருவதற்கு ஒப்புக்கொள்வதில்லை. நான்காவது மாடியிலிருந்து இறங்கினால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பதும், வளர்த்த மாட்டை விற்க வேண்டும் என்பதும் அவர்களுக்குச் சிறிய காரணங்கள் அல்ல.

கோயிலைப் பொறுத்தவரை பலர் நடுவழி ஒன்றைக் கண்டனர். வேலை நகரில் இருந்தாலும் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்திற்கே திரும்பினர். லயங்கள் இடிக்கப்பட்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே கோயில் மட்டும் எஞ்சிய இடங்களில்கூட, ஆண்டுக்கு ஒருநாள் கார்கள் மண்சாலையில் வரிசையாக நிற்பதைக் காணலாம். அன்று நடைபெறுவது வழிபாடு மட்டுமன்று. பழைய அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் நாளும் அதுதான்.

சாலைகளும் சில குடும்பங்களின் முடிவை மாற்றின. ஈஜோக்கையும் டெம்ப்ளர் பூங்காவையும் இணைக்கும் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீள லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறக்கப்பட்டது. தந்தை கோலாலம்பூரில் வேலை செய்ய, குடும்பம் கோலசிலாங்கூரிலேயே இருப்பது முன்பைவிட எளிதாயிற்று. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ புறப்பட்டு இரவில் திரும்பும் பெற்றோர் இங்கு பலர். பிள்ளையின் பள்ளி மாறவில்லை; ஆனால் தந்தையைப் பிள்ளை பார்க்கும் நேரம் குறைந்தது. எந்த இழப்பு பெரியது என்பதை ஒவ்வொரு வீடும் தனித்தனியே எடைபோடுகிறது.

இப்போது எதிர்த்திசையிலும் ஓர் இடப்பெயர்வு நிகழ்கிறது. ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த நிலப்பகுதிகளில் புஞ்சாக் ஆலம், சௌஜானா உத்தாமா போன்ற குடியிருப்புகள் எழுந்துள்ளன. தலைநகரில் வீட்டு விலையைத் தாங்க முடியாத குடும்பங்கள் அங்கு வருகின்றன. அவற்றுள், இதே வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து நகருக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். தாத்தா வெட்டிய பால்மரம் நின்ற இடம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. புதிய பள்ளியின் அலுவலகத்தில் அவர்களின் பெற்றோரும் அதே பாரத்தை நிரப்புகின்றனர். அந்தப் பாரத்தில் தமிழ் வகுப்பைப் பற்றிய கேள்வி இன்னும் இல்லை.